மடிக்காத எட்டு முழம்

காரைக்குடி பஸ் நிலையத்தில் திருப்பத்தூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஆபீஸ் பியூன் கருப்பையா சைக்கிளில் வந்து, இறங்காமலே காலை ஊன்றி நின்றான். “சேதி தெரியுமா சார்? நாச்சியாபுரத்துல எட்டு முழம் போயிட்டாக. விடியக்காலைலயாம்.” செத்துப்போன மனிதரைப் பட்டப்பெயர் வைத்துச் சொல்கிறானே என்று முதலில் கோபம்தான் வந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் விஷயம் உறைத்துவிட்டது. பஸ் வந்தது, போனது, நான் ஏறவில்லை.

கண்மாய் அளக்கும் பிரிவில் சர்வேயராக இருந்த வயிரவனை, அதே பிரிவில் வேலை பார்க்கும் உங்களில் பாதிப் பேருக்கு அந்தப் பட்டப்பெயரால்தான் தெரியும். கண்மாய் அளக்கப் போனால் வாரக்கணக்கில் தோப்புகளில்தான் நமக்குத் தங்கல். தரையில் படுத்தால் தேள் உண்டு, விரியன் உண்டு. அதனால் குழந்தைக்குக் கட்டுவதுபோல மரத்துக்கு மரம் வேட்டியில் தூளி கட்டிப் படுப்போம். முகாமுக்குப் புறப்படும் அன்று வயிரவன் ஒவ்வொருவரின் பெட்டியையும் திறக்கச் சொல்வார். எட்டு முழ வேட்டி இருந்தால் மூடச் சொல்வார். நாலு முழம் வைத்திருப்பவனைக் கடைக்குத் திருப்பி அனுப்புவார். ஜீப் காத்துக்கொண்டு நிற்கும். டிரைவர் முணுமுணுப்பார். இவர் அசையமாட்டார். கிறுக்கு என்று சொன்னீர்கள். ஜவுளிக்கடையில் பங்கு வைத்திருக்கிறார் என்றுகூட ஒருவர் சொன்னார். எல்லாம் அவர் காதில் விழுந்ததுதான்.

செல்வராஜ் இதைப் படிப்பான் என்று நினைக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் மதுரையிலிருந்து நைலான் கயிற்றில் பின்னிய தூளி ஒன்று வாங்கி வந்தான். பச்சை நிறம், இரண்டு பக்கமும் பளபளவென்று இரும்பு வளையம். முகாமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. ஆள் நீளம்கூட இல்லாத அந்தத் தூளியில் அவன் ஏறிப் படுத்ததும் உடம்பு நடுவில் குழிந்து, முழங்கால் முகத்துக்கு நேராக வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். வயிரவன் அவனை இறங்கச் சொன்னார். இறங்கியதும் காய் நறுக்கும் கத்தியை எடுத்துவந்து இரண்டு பக்கக் கயிற்றையும் அறுத்துப் போட்டார். பிறகு தன் பெட்டியிலிருந்த எட்டு முழத்தை எடுத்து அவனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு, அன்று ஜீப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். செல்வராஜ் மேலிடத்துக்கு எழுதிப் போட்டான். மேலிடம் வயிரவனைக் கூப்பிட்டு விசாரித்தது. “அறுத்தது நிசம்தான் சார், இன்னொண்ணு கொண்டு வந்தாலும் அறுப்பேன்” என்று சொல்லிவிட்டு வந்தார். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

தூளி விஷயத்தில் அவர் சொல்லும் வார்த்தைகள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். “ஆளு நீளம் பாத்துத் துணி எடுக்காதே, ஆளுல ரெண்டு மடங்கு பாத்து எடு.” “கயித்தை விறைப்பா இழுத்துக் கட்டாதே, தொங்கவிடு.” “நேராப் படுக்காதே, குறுக்கால சாஞ்சு படு. முதுகு தன்னால நிமிரும்.” குட்டையான ஆட்களையும் விடமாட்டார். நம் சமையல்காரர் சோலை ஐந்தடிக்கும் குறைவு. “எனக்கு நாலு முழமே மிச்சம்ணே” என்பார் அவர். “மிச்சம் இருந்தா இருந்துட்டுப் போகுது. நீட்டிப் படு” என்பார் வயிரவன். நீட்டி என்ற வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கும். அதை நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். நான் கவனிப்பேன், ஏனென்றால் எனக்குக் காரணம் தெரியும்.

அந்தக் காரணம் எங்கள் முகாமில் நடந்த ஒரு சாவு. செத்தவனைப் பற்றி முகாமில் பேச்சு நடக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. அதற்கு நானும் சோலையும் இத்தனை வருஷம் கட்டுப்பட்டோம். சோலை போன வருஷம் போய்விட்டார். இப்போது இவரும் போய்விட்டார். கிறுக்கு என்ற பெயரோடு அவரை அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அரிசிக்குக் கியூவில் நின்ற காலம் அது. மழை இல்லை. திருக்கோஷ்டியூர்ப் பக்கம் ஒரு கண்மாயை அளக்கப் போயிருந்தோம். தண்ணீர் நிற்க வேண்டிய உள்வாய் முழுக்க வெடித்துக் கிடந்தது. எங்களோடு வலையபட்டி சாத்தையா என்று, அளவுச் சங்கிலி பிடிக்கும் செயின்மேன் ஒருவன் இருந்தான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. வெயில் எவ்வளவு அடித்தாலும் ஏதாவது கேலி பேசிக்கொண்டே சங்கிலி இழுப்பான். அதற்கு முந்தின முகாமில் ஒரு தூளி கிழிந்து சோலை பொத்தென்று தரையில் விழுந்திருந்தார். வயிரவன் உடனே ஒரு முடிவு செய்தார். இனி எல்லாரும் எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்துத்தான் கட்ட வேண்டும். ஊரில் எல்லாரும் எட்டு முழத்தை மடித்துத்தானே உடுத்துகிறோம். மடித்தால் துணி இரட்டை, பலம் இரட்டை. எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மடித்தால் நீளம் பாதியாகிவிடும் என்பதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

அந்த முகாமில் ஒரு நாள் காலையில் சாத்தையா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான். “என்ன சார் இது, தூளியா வில்லா? இன்னம் நாலு நாள் படுத்தா எனக்குக் கூன் விழுந்திரும்” என்றான். வயிரவன் பல் விளக்கிக்கொண்டிருந்தார். “கூன் விழுந்தாலும் பரவால்ல, கிழிஞ்சு விழுகக் கூடாதுடா” என்றார். எல்லாரும் சிரித்தோம். டீ குடித்துவிட்டு மடைக்குப் போனோம்.

தண்ணீர் திறந்துவிடும் மடையில் இரண்டு கல்தூண்கள், அவற்றுக்குக் குறுக்கே ஒரு கல். அதன்மேல் ஏறி அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சாத்தையா எத்தனையோ மடைகளில் ஏறியவன். அன்று குறுக்குக் கல் பெயர்ந்து அவனோடு சேர்ந்து விழுந்தது. அவன் அடியில், கல் அவன் நெஞ்சின் மேல். நாங்கள் கல்லைப் புரட்டி எடுத்தபோது நினைவு இருந்தது, பேச்சும் இருந்தது. மூச்சுதான் சின்னச் சின்னதாக வந்தது. ரோடு மூன்று மைல். ஜீப் டவுனுக்குப் போயிருந்தது. சோலை ஓடிப்போய்ச் சாத்தையா படுத்திருந்த தூளியையே அவிழ்த்துக்கொண்டு வந்தார். கூடாரத்து மூங்கிலை உருவி, அதில் தூளியைக் கட்டி, அவனை உள்ளே கிடத்தித் தூக்கினோம். முன்னால் வயிரவன், பின்னால் நான், கைமாற்றிக்கொள்ள சோலையும், பிறகு வேலையை விட்டுப் போன இன்னொரு செயின்மேனும். இரண்டாக மடித்ததை மடித்தபடியே கட்டியிருந்தோம். பிரிக்க வேண்டும் என்று எவனுக்கும் தோன்றவில்லை.

தூக்கியதும் அவன் உள்ளே மடங்கிப்போனான். தாடை நெஞ்சில் இடித்தது, முழங்கால் வயிற்றுக்கு வந்துவிட்டது. வெடித்த தரையில் ஓட்டமும் நடையுமாகப் போனோம். கொஞ்ச தூரம் போனதும் துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. “நீட்டி விடுங்க சார். நீட்டிப் படுக்கணும்.” வயிரவன் திரும்பாமலே சொன்னார்: “இந்தா, ரோடு வந்துருச்சுப்பா. பொறுத்துக்க.” ரோடு வரவில்லை. நின்றால் நேரம் போய்விடும் என்ற பயம்தான். அவன் மறுபடியும் கேட்டான். மறுபடியும் பொறுத்துக்கொள்ளச் சொன்னோம். வழியில் ஒரு தோட்டத்து வீடு பூட்டிக் கிடந்தது, அதையும் தாண்டிப் போனோம். அப்புறம் அவன் கேட்கவில்லை. எப்போது நிறுத்தினான் என்று எங்கள் நாலு பேரில் யாருக்கும் தெரியாது, முகம் துணிக்குள் இருந்தது.

லாரி ஒன்றை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். டாக்டர் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். சொன்னோம். “விலா உடைஞ்ச ஆளை இப்படி மடக்குனா மூச்சு எப்படிங்க விடுவாரு? ஒரு கதவைக் கழட்டிப் படுக்க வச்சுக் கொண்டு வந்திருக்கலாமே.” கோபமாகச் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். அந்தப் பூட்டிய தோட்டத்து வீட்டின் கதவு என் கண்முன் வந்தது. வயிரவனுக்கும் வந்திருக்கும். அவர் வராந்தாச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

உடலை வலையபட்டிக்குக் கொண்டுபோனோம். அங்கே அவர் செய்த காரியம் எனக்கு இன்றும் ஆறவில்லை. சாத்தையாவின் மனைவி பஞ்சவர்ணத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மடித்துக் கட்டியது, நீட்டச் சொல்லி அவன் கேட்டது, டாக்டர் சொன்னது, ஒன்று பாக்கியில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டார். அந்தம்மாள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “நீட்டச் சொல்லிக் கேட்டாரா?”

“கேட்டான்மா.”

“கேட்டும் நீட்டலையா?”

“நீட்டலை.”

அதன்பிறகு அந்தம்மாள் அழவில்லை. உறவுக்காரர்கள் எங்களைப் போகச் சொன்னார்கள், வந்துவிட்டோம். பஸ்ஸில் நான் வயிரவனோடு சண்டை போட்டேன். அவ்வளவு பெரிய கல் விழுந்தால் எவனும் பிழைக்கமாட்டான், கதவில் வைத்துக் கொண்டுபோயிருந்தாலும் பிழைத்திருக்கமாட்டான், அந்தப் பெண்ணின் மனத்தில் ஏன் இந்தத் தீயைப் போட்டீர்கள் என்று கத்தினேன். “இங்க பாரு அழகு, கல்லு பாதி, நான் பாதி” என்றார். “எம் பாதியை நான்தானே சொல்லணும்?” இந்த வழக்கு எங்களுக்குள் கடைசிவரை தீரவில்லை. நான் இப்போதும் கல்தான் காரணம் என்கிற கட்சி. ஆனால் அவரிடம் அதைச் சொல்லிச் சொல்லித் தோற்றவன்.

வருஷா வருஷம் சித்திரையில், சாத்தையா செத்த அதே நாளில், லீவு போட்டுவிட்டு வலையபட்டிக்குப் போவார். நானும் சில தடவை கூடப் போயிருக்கிறேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது என்பார். பஞ்சவர்ணம் வாசலில் ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருப்பார். முதல் வருஷம் எங்களைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த வருஷமும் அப்படித்தான். மூன்றாவது வருஷமோ என்னவோ, நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “எதுக்கு வாரீக? நீங்க வந்தா அவுக வந்துருவாகளா?”

“வரமாட்டான்மா.”

“பெறகு?”

 வயிரவன் வாசல் வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. இனிமேல் வரவேண்டாம், இது அந்தம்மாளைக் குத்திக்காட்டுவதுபோல இருக்கிறது என்று சொன்னேன். அதற்கும் அடுத்த வருஷம் போனார். பல வருஷம் கழித்து ஒரு தடவை, நாங்கள் போய் உட்கார்ந்ததும் அந்தம்மாள் எழுந்துபோய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து மரத்தடியில் வைத்துவிட்டு மறுபடி முடைய உட்கார்ந்துவிட்டார். வயிரவன் குடித்தார். சட்டையெல்லாம் தண்ணீர். அன்று திரும்பி வரும்போது அவர் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார்.

போன வருஷம் அவருக்கு இருதயம் வீங்கியிருக்கிறது என்றார்கள், நெஞ்சில் நீர் கோத்துக்கொள்கிறது என்றார்கள். மெடிக்கல் லீவில் நாச்சியாபுரம் வீட்டில் இருந்தார். நான் போனபோது சாய்வு நாற்காலியில் தலையணைகளை அண்டக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். மல்லாந்தால் மூச்சு அடைக்கிறதாம். படுத்தே மாதக்கணக்கு ஆகிறது என்று அவர் மனைவி மீனாள் அண்ணி சொன்னார்கள். “ஒக்காந்த மேனிக்கே ஒறங்குறாக தம்பி. தலை தொங்கிப் போகுது. பக்கத்துல ஒக்காந்து பிடிச்சுக்கிறேன்.” ஆளுக்கு இரண்டு மடங்கு துணி கேட்ட மனிதர் நாற்காலிக்குள் மடங்கிக் கிடந்தார். பார்க்க முடியவில்லை. காலண்டரைப் பார்த்துக்கொண்டு என்னத்தையோ பேசினேன்.

அவர்தான் அதைப் பேசினார். “நீட்டிப் படுக்க முடியல அழகு. அவனுக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பத்தான் தெரியுது.” நான் வழக்கம்போல் கல்லைப் பற்றி ஆரம்பித்தேன். “விடு” என்றார். “சித்திரை வருது. என்னால முடியாது. வலையபட்டிக்கு நீ போயிட்டு வந்துரு.” போய் என்ன செய்ய என்று கேட்டேன். “ஒண்ணும் செய்ய வேணாம். ஒக்காந்துட்டு வா.”

போனேன். தனியாக அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்க எனக்கு என்னவோ போல் இருந்தது. பஞ்சவர்ணம் பஸ் வந்த பாதையையே பார்த்தார். “அவுக வரலையா?” உடம்பு முடியவில்லை என்றேன். என்ன செய்கிறது என்று கேட்டார். சொன்னேன். “ஒக்காந்தேவா ஒறங்குறாக?” என்றார். ஆமாம் என்றேன். கையிலிருந்த ஓலையைக் கீழே வைத்தார். 

கருப்பையா சேதி சொன்ன அன்று, வலையபட்டி வழியாகப் போகும் பஸ்ஸின் கண்டக்டரிடம் சொல்லியனுப்பிவிட்டுத்தான் நாச்சியாபுரம் போனேன். அந்தம்மாள் வருவார் என்று நான் நினைக்கவில்லை. தெரியாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது, அவ்வளவுதான். வயிரவனைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். நாற்காலியிலேயே உயிர் போனதால் முழங்கால் முழுசாக நிமிரவில்லை, துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முதுகுக்கு அடியில் ஒரு தலையணை அப்படியே இருந்தது. எடுக்கச் சொன்னதற்கு, “வேணாம், அவுகளுக்கு மூச்சு முட்டும்” என்றார்களாம் மீனாள் அண்ணி. அதற்கு மேல் யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை.

குளிப்பாட்டிக் கோடி போடுகிற நேரம். முறைக்காரர்கள் ஒவ்வொருவராகப் புது வேட்டியும் துண்டும் கொண்டுவந்து போட்டார்கள். அவருடைய சித்தப்பா ஒருவர் அவற்றை வாங்கி, இரண்டாக மடித்து உடல்மேல் விரித்துக்கொண்டிருந்தார். மடித்தால்தான் ஆளுக்குச் சரியாக இருக்கும், எல்லாச் சாவிலும் அப்படித்தான் செய்வது. அப்போது பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பஞ்சவர்ணம் வந்தார். கையில் ஒரு எட்டு முழம், கடைக் காகிதம்கூடப் பிரிக்காமல். சித்தப்பாவுக்கு ஆளைத் தெரியவில்லை. “நீங்க என்ன முறை?” என்று கேட்டார்.

“முறையெல்லாம் இல்லை. எங்க வீட்டுக்காரவுகளைத் தூக்கிட்டு வந்தவுக.”

சித்தப்பா என்னைப் பார்த்தார். வாங்கிக்கொள்ளுங்கள் என்று தலையசைத்தேன். அவர் காகிதத்தைப் பிரித்து, பழக்கத்தில், வேட்டியை இரண்டாக மடித்தார். அந்தம்மாள் கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டார்.

“மடிக்காதீக. மடிக்காமப் போடுங்க. நீட்டிப் படுக்கட்டும்.”

சித்தப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தனை கூட்டத்தில் விளங்கியது எனக்கும் மீனாள் அண்ணிக்கும்தான். அண்ணி எழுந்து வந்து தன் கையாலேயே முதுகுக்கு அடியில் இருந்த தலையணையை உருவி எடுத்தார்கள். பிறகு நானும் சித்தப்பாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து வேட்டியை முழு நீளத்துக்கு விரித்தோம். உயரமான மனிதர்தான். அப்படியும் காலைத் தாண்டி, பெஞ்சைத் தாண்டி, துணி தரையில் கிடந்தது. அந்தம்மாள் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றார்.  அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் அழுதேன். சாத்தையாவுக்கும் சேர்த்துத்தான் அழுதிருக்க வேண்டும், அவன் செத்த அன்று அழ நேரமில்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு மீனாள் அண்ணி அவருடைய முகாம் பெட்டியைத் திறந்து அவர் படுத்த தூளியை என்னிடம் கொடுத்தார்கள். செம்மண் ஏறிப் பழுத்த வேட்டி, இரண்டு முனையிலும் கயிறு உராய்ந்த தடம், நடுவில் மடிப்பு விழுந்த அடையாளமே இல்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது இதுதான். வீட்டில் கொடியில் முழு நீளத்துக்குத் தொங்கவிட்டிருக்கிறேன். காயப்போட இடமில்லை, மடித்துப் பெட்டிக்குள் வைக்கக் கூடாதா என்று என் மனைவி கேட்கிறாள். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

வருகிற சித்திரையில் நான் வலையபட்டிக்குப் போவேன். உங்களில் யாராவது முகாமுக்குப் புறப்படும்போது நல்ல துணி இல்லையென்றால் வீட்டுக்கு வந்து இந்தத் தூளியை எடுத்துக்கொண்டு போங்கள். இன்னும் கிழியவில்லை. ஒற்றையாகக் கட்டுங்கள்.